நான்கு லட்சம் ரூபாய்க்குப் பிறகு நான் திறந்து பார்த்த ரிப்போர்ட்

கோயம்புத்தூர் கணபதியில் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. ஹோட்டல், மெஸ், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் போன்ற இடங்களுக்கு 10 லிட்டர், 20 லிட்டர் டில்டிங் (கவிழ்த்து மாவை எடுக்கிற) வெட் கிரைண்டர் செய்து கொடுக்கிறோம். அப்பா ஆரம்பித்தது, 2019 முதல் நான் பார்த்துக்கொள்கிறேன். 2023 ஜூன் முதல் அக்டோபர் வரை கூகுள் விளம்பரத்துக்கும், கீவேர்ட் (நாம் குறிவைக்கிற தேடல் சொல்) பார்க்கும் ஒரு டூலுக்குமாக 4,02,000 ரூபாய் செலவு செய்தேன். விளம்பரம் வழியாகத்தான் வந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆர்டர் அந்த ஐந்து மாதத்தில் மூன்றே மூன்று. எங்களைப் போன்ற பட்டறைக்கு அந்தத் தொகை ஒரு லேத் மெஷினுக்கான பணம். அப்போது விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும், இதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். அந்தப் பத்து நிமிடப் பேச்சாக நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வியாபாரம் முழுக்க டீலர்கள் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு டீலர்களிடம் பணம் நிற்க ஆரம்பித்தது. நேரடியாக ஹோட்டல்காரர்களிடமே விற்கலாமே என்று தோன்றிய நேரத்தில், டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறோம் என்று ஓர் ஏஜென்சியிலிருந்து வந்தார்கள். மாதம் 60,000 ரூபாய், அதில் 45,000 விளம்பரத்துக்கு, 15,000 அவர்கள் கட்டணம். "அக்கவுண்ட், செட்டிங்ஸ் எல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம், நீங்க போனை மட்டும் எடுங்க" என்றார்கள். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியானதுதான் என் முதல் தவறு.

அக்கவுண்ட் யார் பெயரில் திறக்கப்படுகிறது என்று நான் கேட்கவே இல்லை. கூகுள் ஆட்ஸ் அக்கவுண்ட் ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்க எண் உண்டு. அதை உங்கள் இமெயிலில் நீங்களே திறந்து, அட்மின் உரிமையை உங்களிடம் வைத்துக்கொண்டு, ஏஜென்சியின் மேனேஜர் அக்கவுண்டோடு இணைக்க மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். நாளைக்கு அவர்களோடு ஒத்துவரவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்தால் முடிந்தது, பழைய விவரம் எல்லாம் உங்களிடமே இருக்கும். பணமும் உங்கள் கார்டிலிருந்தோ வங்கியிலிருந்தோ நேராகக் கூகுளுக்குப் போக வேண்டும். பில்லிங் பக்கத்தில் உங்கள் ஜிஎஸ்டி நம்பர் இருந்தால், விளம்பரத்துக்குக் கட்டும் 18 சதவீத வரியை, நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்கிற இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். நான் மாதாமாதம் யூபிஐயில் மொத்தமாக ஏஜென்சிக்கு அனுப்பினேன். முறையான டேக்ஸ் இன்வாய்ஸ் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. எங்கள் ஆடிட்டர் வருடக் கணக்கு போடும்போது, "இந்த மூணு லட்சத்துக்கு ஒரு பைசா கிரெடிட் எடுக்க முடியாதும்மா" என்று சொன்னபோதுதான் அந்த இழப்பும் தனியாக இருக்கிறது என்று புரிந்தது.

முதல் வாரம் போன் ஓயவில்லை. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து நாள் போன பிறகு, வருகிற அழைப்புகளைக் கவனித்துக் கேட்டேன். ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர், "கவர்மென்ட் கிரைண்டருக்கு பெல்ட் இருக்குங்களா?" என்றார். 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தில் வந்த டேபிள் டாப் கிரைண்டரை ஊரெல்லாம் இன்னும் ஓட்டுகிறார்கள். அதற்குப் பெல்ட், கல், ஜார் கேட்டு ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர். இன்னொருவர், "நாலு இன்ச் கிரைண்டர் வீல் பாக்கெட் என்ன ரேட்டுங்க?" என்றார். அது வெல்டிங் பட்டறையில் இரும்பு அறுக்கிற ஆங்கிள் கிரைண்டருக்கான வீல். ஓர் அம்மா காபிக்கொட்டை அரைக்கிற கிரைண்டர் கேட்டார். வீட்டுக்கு வந்து ரிப்பேர் பார்ப்பீர்களா என்று கேட்டவர்களை நான் எண்ணவே இல்லை. ஹோட்டல் வைத்திருக்கிறேன், மாவு அரைக்க மெஷின் வேண்டும் என்று சொன்னவர்கள் வாரத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, தன் போனில் "வெட் கிரைண்டர் கோயம்புத்தூர்" என்று தேடி, நம் விளம்பரம் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் அதைத் தொட்டு, பக்கம் திறக்கிறதா என்றும் பார்ப்பார். தொட்டால் காசு என்பதால், ஒவ்வொரு தடவையும் 18, 20 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. நம் விளம்பரம் வருகிறதா என்று பார்க்கக் கூகுள் ஆட்ஸுக்குள்ளேயே ஆட் பிரிவியூ என்று ஒரு வசதி இருக்கிறது. எந்த ஊர், எந்த மொழி, போனா கம்ப்யூட்டரா என்று கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், பைசா செலவில்லை. சொந்தப் போனில் தேடிப் பார்ப்பது செலவும்கூட, சரியான பதிலும் தராது. தொடர்ந்து தேடிவிட்டுத் தொடாமல் விட்டால், கொஞ்ச நாளில் உங்களுக்கு மட்டும் அந்த விளம்பரம் வருவது நின்றுவிடும். விளம்பரமே ஓடவில்லை என்று வீட்டில் சண்டை வரும்.

மாதக் கடைசியில் ஏஜென்சி ரிப்போர்ட் அனுப்பியது. இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் தொட்டார்கள், கன்வெர்ஷன் 212. எனக்குத் தலை சுற்றியது. 212 பேர் வாங்க வந்திருந்தால் எங்களால் மெஷின் செய்துகொடுக்கவே முடியாது. கன்வெர்ஷன் என்றால் என்ன என்று மூன்று முறை கேட்ட பிறகுதான், எங்கள் சைட்டில் தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே ஒன்று என்று கணக்கு வைத்திருப்பது தெரிந்தது. இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. எது கன்வெர்ஷன் என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோமோ அதைத் தேடித்தான் கூகுளின் தானியங்கி பிட்டிங் (ஒரு கிளிக்குக்கு எவ்வளவு ஏலம் கேட்பது என்று கூகுளே முடிவு செய்வது) போகும். பக்கத்தைத் திறப்பதுதான் வெற்றி என்று சொல்லிக் கொடுத்தால், பக்கத்தைத் திறந்துவிட்டுப் போகிறவர்களையே அள்ளிக்கொண்டு வரும். அதனால் பட்ஜெட்டைப் பேசுவதற்கு முன்னால் கன்வெர்ஷன் என்று எதை எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள். இப்போது நான் 60 வினாடிக்கு மேல் பேசிய அழைப்பையும், விலைப்பட்டியல் கேட்டுப் படிவம் நிரப்பியவர்களையும் மட்டும் எண்ணுகிறேன்.

ஆகஸ்ட் மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. டீலர் பணம் வரவில்லை, மாதம் 60,000 போகிறது, அப்பா தினமும், "என்ன கண்ணு, ஏதாச்சும் முடிஞ்சுதா?" என்று கேட்பார். அவர் கேட்பதில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இருக்காது, அதுதான் இன்னும் வலிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து யூடியூபில் ஒவ்வொரு வீடியோவாகப் பார்ப்பேன். எல்லா வீடியோவிலும், எதிராளி எந்தக் கீவேர்டில் விளம்பரம் போடுகிறான் என்று தெரிய வேண்டும், அதற்கு ஒரு நல்ல டூல் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஒரு ராத்திரி, வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்று பார்த்ததும் கட்டிவிட்டேன். டாலரில் விலை, கிரெடிட் கார்டின் வெளிநாட்டுக் கட்டணம், அதன் மேல் வரி என்று எல்லாம் சேர்த்து 1,02,000 ரூபாய். பயத்தில் எடுத்த முடிவு. வருடச் சந்தாவில் பணம் திரும்ப வராது என்பதைக் கட்டிய பிறகுதான் படித்தேன்.

டூல் மோசம் என்று சொல்ல மாட்டேன், அது செய்கிற வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் கேள்விக்கு விடை அதற்குள் இல்லை. "வெட் கிரைண்டர்" என்று போட்டால் மாதம் பல ஆயிரம் தேடல் என்று வந்தது. அந்தத் தேடல் முழுக்க வீட்டுக்கு டேபிள் டாப் வாங்குகிறவர்களுடையது, அதில் விளம்பரம் போடுகிறவர்கள் பெரிய பிராண்டுகளும் ஆன்லைன் கடைகளும். "20 லிட்டர் டில்டிங் வெட் கிரைண்டர் விலை" என்று போட்டால் தேடல் பூஜ்யம் என்று காட்டியது. எனக்கு மெஷின் வாங்குகிற ஆள் அந்தப் பூஜ்யத்துக்குள்தான் இருக்கிறார் என்று அன்றைக்குப் புரியவில்லை. பெரிய எண்ணைப் பார்த்து அந்தப் பக்கமே போனேன். இந்த எண்கள் எல்லாம் வெளியிலிருந்து போடுகிற மதிப்பீடு. மாதம் பத்து, இருபது பேர் மட்டும் தேடுகிற சொல்லை இந்த டூல்கள் பல சமயம் பூஜ்யமாகவே காட்டும். ஒரு மெஷின் அரை லட்சத்துக்குப் போகிற எங்கள் மாதிரித் தொழிலுக்கு அந்தப் பத்துப் பேர்தான் சோறு.

ஏஜென்சி இன்னொரு ரிப்போர்ட்டும் கொடுத்தது. 18 கீவேர்டில் விளம்பரம் இல்லாமலே நம் சைட் முதல் பக்கத்தில் இருக்கிறது என்று பச்சை நிறத்தில் அம்புக்குறி போட்ட பட்டியல். அதை அப்பாவிடம் காட்டி, இந்த வேலையாவது நடக்கிறது என்று சொன்னேன். பின்னால், நம் சைட் தேடலில் எத்தனை தடவை வந்தது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது, அந்த 18-ல் 14 சொற்களுக்கு மூன்று மாதத்தில் ஒரு கிளிக்கூட இல்லை. யாரும் தேடாத நீளமான வாக்கியங்கள் அவை, அவற்றில் முதலிடம் வருவது கஷ்டமில்லை. ரேங்க் டிராக்கர் நாம் கொடுத்த சொல்லுக்கு இடம் எங்கே என்று மட்டும்தான் சொல்லும். அந்தச் சொல்லை யாராவது தேடுகிறார்களா என்பது அதன் கவலை இல்லை. ரேங்க் ரிப்போர்ட் யார் கொடுத்தாலும் சர்ச் கன்சோலின் இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட தடவைகள்), கிளிக் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செப்டம்பர் கடைசியில், திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற என் கல்லூரித் தோழி ஒரு விசேஷத்துக்கு வந்தவள் யூனிட்டுக்கும் வந்தாள். நான் அழுதுவிட்டேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சர்ச் டேர்ம்ஸ் பாத்தியா?" நான் கீவேர்ட் பட்டியலை நீட்டினேன். "இது இல்லடீ. இது நீங்க கேட்டது. மக்கள் என்ன டைப் பண்ணி உன் காசு போச்சு, அது எங்க?" அக்கவுண்டுக்குள் நுழையவே எனக்கு வழியில்லை என்று அப்போதுதான் சொன்னேன். நான்கு நாள் விடாமல் கேட்ட பிறகு ஏஜென்சி பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தது.

அந்த ராத்திரியை மறக்க முடியாது. ஒரு மாத ரிப்போர்ட்டை செலவு அதிகமானது மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தி, பிரின்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தோம். முதல் வரி, ஆங்கிள் கிரைண்டர் விலை. அடுத்து, கிரைண்டர் ரிப்பேர் பக்கத்தில். அப்புறம் ஒரு பெரிய பிராண்டின் பெயரோடு டேபிள் டாப். கவர்மென்ட் கிரைண்டர் கல். காபி கிரைண்டர். மசாலா அரைக்கும் மெஷின். ஹோட்டல்காரர் தேடியிருக்கலாம் என்று தோன்றிய வரிகளுக்கு மட்டும் டிக் போட்டோம். அந்த மாதம் அதில் தெரிந்த செலவு 41,000 ரூபாய், டிக் போட்ட வரிகளின் கூட்டல் 6,300. தோழி மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். அந்த 6,300-க்குத்தான் அந்த மாதம் நான் உண்மையில் விளம்பரம் செய்திருக்கிறேன்.

காரணம் எல்லாமே செட்டிங்ஸில் இருந்தது, ஒவ்வொன்றும் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். முதலாவது, எல்லாக் கீவேர்டும் பிராட் மேட்ச். நீங்கள் தனியாக எதுவும் குறிக்காவிட்டால் அதுதான் வரும். வெட் கிரைண்டர் என்று கொடுத்தால் அதற்குச் சம்பந்தம் என்று கூகுள் நினைக்கிற எதற்கும் விளம்பரம் போகும். ஃப்ரேஸ் மேட்ச் அதைவிடக் குறுகலானது, எக்ஸாக்ட் இன்னும் குறுகலானது, ஆனால் எக்ஸாக்ட் என்று போட்டாலும் அதே அர்த்தமுள்ள வேறு சொற்களுக்குப் போகத்தான் செய்யும். இரண்டாவது, இந்தச் சொல் இருந்தால் விளம்பரம் காட்டாதே என்று சொல்கிற நெகட்டிவ் கீவேர்ட் பட்டியலில் ஒரு சொல்கூட இல்லை. ஆங்கிள், ரிப்பேர், சர்வீஸ், பெல்ட், காபி, வீல், பழைய, இலவச என்று பத்து சொல் முதல் நாளே போட்டிருந்தால் போதும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: நெகட்டிவ் சொற்களுக்கு ஒருமை பன்மையை கூகுள் தானாகச் சேர்க்காது. வீல் என்றும் போட வேண்டும், வீல்ஸ் என்றும் போட வேண்டும். ரிப்பேர், ரிப்பேரிங், சர்வீஸ், சர்வீசிங் எல்லாம் தனித்தனி. தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை.

மூன்றாவது ஊர். தமிழ்நாடு, கேரளா என்று குறித்திருந்தார்கள், ஆனால் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும் ஆப்ஷன், "அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் உள்ளவர்கள்" என்று இருந்தது. தொடக்கத்தில் தானாக இருப்பது அதுதான். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஊர் பெயரே பொருளின் பெயர் மாதிரி. எங்கேயோ உட்கார்ந்து கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று தேடுகிற எல்லோரும் அந்த ஆர்வம் உள்ளவர்கள் கணக்கில் வந்துவிட்டார்கள். அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்ற வேண்டும். நான்காவது, சர்ச் விளம்பரத்தோடு, மற்ற சைட்டுகளிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டுகிற டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் டிக் ஆகியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு, குழந்தைகள் விளையாடுகிற ஆப்களுக்குள் இருந்தெல்லாம் கிளிக் வந்திருந்தது. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஆட்டோ அப்ளை. பரிந்துரைகளைக் கூகுள் தானாகவே அமல்படுத்தலாம் என்று எங்கள் கணக்கில் அனுமதி கொடுத்து வைத்திருந்தார்கள். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது சேஞ்ச் ஹிஸ்டரியில் தேதியோடு இருக்கும், அதையும் ஒருமுறை படியுங்கள்.

தினசரி பட்ஜெட் பற்றி ஒன்று, இது யாருடைய தப்பும் இல்லை, தெரியாவிட்டால் பதற்றம் வரும். 1,500 என்று போட்டால் சில நாள் 2,900-கூடப் போகும். ஒரு நாளில் பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை எடுக்கலாம், மாத மொத்தம் தினசரித் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது என்பதுதான் விதி. மாதத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்து 30.4-ஆல் வகுத்துப் போடுங்கள். அதோடு 18 சதவீத வரியையும் மனதில் வையுங்கள்.

அக்டோபரோடு ஏஜென்சியை நிறுத்தினேன். அக்கவுண்டை மாற்றித் தரச் சொன்னேன், அது எங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாத சர்ச் டேர்ம்ஸ், எந்தச் சொல்லுக்கு எவ்வளவு போனது என்ற விவரம் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. நல்லவேளை, பார்க்க அனுமதி இருந்த நாட்களில் தோழி எல்லாவற்றையும் ஷீட்டில் இறக்கி வைத்திருந்தாள். புது அக்கவுண்டை என் பெயரில் திறந்து, முதல் வேலையாக அந்த ஷீட்டிலிருந்து நெகட்டிவ் பட்டியல் போட்டேன்.

இனி டூல் விஷயம். கையில் வருடச் சந்தா இருந்ததால் அதையும் பார்த்தேன், மற்றவற்றின் இலவசச் சோதனைகளையும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். எந்த டூல் நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் கேள்வி என்ன என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். என் காசு எந்தச் சொல்லுக்குப் போகிறது என்பது கேள்வியானால், உங்கள் சொந்த அக்கவுண்டின் சர்ச் டேர்ம்ஸ் தவிர உலகத்தில் வேறு எதுவும் பதில் சொல்ல முடியாது. அதிலும் 2020 செப்டம்பருக்குப் பிறகு, மிகக் குறைவான பேர் தேடிய சொற்களைக் காட்டுவதில்லை, அதனால் மொத்தச் செலவோடு கூட்டல் ஒத்துவராது, பயப்பட வேண்டாம். என் விளம்பரம் மேலே வருகிறதா என்றால், இம்ப்ரெஷன் ஷேரையும் (வந்திருக்கக்கூடிய தடவைகளில் எத்தனை சதவீதம் வந்தது) டாப் இம்ப்ரெஷன் ரேட்டையும் (வந்ததில் எத்தனை சதவீதம் மேலே வந்தது) பாருங்கள். ஆவரேஜ் பொசிஷன் என்ற கணக்கை கூகுள் ஆட்ஸ் 2019 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டது. என்னோடு மோதுகிறவர்கள் யார் என்றால் ஆக்‌ஷன் இன்சைட்ஸ் (விளம்பர ஏலத்தில் நம்மோடு நிற்பவர்களைக் காட்டும் ரிப்போர்ட்). அவர்கள் என்ன விளம்பரம் ஓட்டுகிறார்கள் என்றால், 2023-ல் கூகுள் திறந்த ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டரில் அவர்களின் சைட் பெயரைப் போட்டால் விளம்பரங்களே வரிசையாக வரும். இவை எல்லாமே இலவசம். நான் ஒரு லட்சம் கட்டித் தெரிந்துகொள்ள நினைத்ததில் பாதி இங்கேயே இருந்தது.

ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்ட் பிளானரும் இலவசம்தான். ஆனால் விளம்பரச் செலவு இல்லாத அக்கவுண்டில் 10 முதல் 100, 100 முதல் 1,000 என்று அகலமான வரம்புதான் காட்டும். அதில் போட்டி என்று ஒரு பத்தி இருக்கும், பலர் அதைப் பார்த்து சைட்டை மேலே கொண்டுவருவது கஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விளம்பரதாரர்களுக்குள் இருக்கும் போட்டி மட்டும். சர்ச் கன்சோல் உங்கள் சைட்டின் உண்மையான கிளிக்கை 16 மாதம் வரை வைத்திருக்கும், திரையில் ஒரு தடவைக்கு 1,000 வரிகள் வரை பார்க்கலாம். சின்ன யூனிட்டுக்கு அது தாராளம்.

காசு கட்டுகிற டூல்களில் செம்ரஷ் விளம்பரம், ரேங்க் இரண்டையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. ஊர் அளவில் பிரித்து, போனுக்குத் தனி, கம்ப்யூட்டருக்குத் தனி என்று தினமும் ரேங்க் பார்க்கலாம். நான் பார்த்தபோது அதன் ஆரம்பத் திட்டத்தில் 500 கீவேர்ட் வரை அனுமதி. எங்களுக்குத் தேவையான கீவேர்ட் 30 தாண்டாது. ஏரெஃப்ஸ் மற்ற சைட்டுகளிலிருந்து வரும் லிங்க்குகளையும் கட்டுரைகளுக்கான தலைப்புகளையும் பார்ப்பதற்கு அருமை, விளம்பரத்துக்காக மட்டும் அதை வாங்க வேண்டியதில்லை. சொந்த சைட்டை மட்டும் பார்க்க அதன் வெப்மாஸ்டர் டூல்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் முழுத் திட்டமும் மாதம் நூறு டாலருக்கு மேல். பல வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்கிற ஏஜென்சிக்கு அது நியாயமான விலை. ஒரே ஒரு சைட் வைத்திருக்கிற பட்டறைக்கு அந்தப் பணத்தை விளம்பரத்திலேயே போடுவது மேல் என்பது என் முடிவு. வேண்டும் என்று தோன்றினால் ஒரே ஒரு மாதம் கட்டி, எதிராளிகளின் கீவேர்டையும் விளம்பர வாசகங்களையும் ஷீட்டில் இறக்கி வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். வருடச் சந்தா வேண்டாம். கட்டும் முன் தானாகப் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். கார்டில் ஆட்டோ டெபிட் என்றால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன் வங்கியிலிருந்து செய்தி வரும், அதை விளம்பரச் செய்தி என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டினால் ரிவர்ஸ் சார்ஜில் நாம்தான் ஜிஎஸ்டி கட்டிக் கணக்கில் காட்ட வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது. இன்வாய்ஸை அவரிடம் உடனே கொடுத்துவிடுங்கள்.

ரேங்க் பார்க்கிறவர்கள் 2025 செப்டம்பரில் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். என் சர்ச் கன்சோலில் கம்ப்யூட்டர் இம்ப்ரெஷன் திடீரென்று சரிந்தது. பழைய நானாக இருந்தால் அன்று ராத்திரியே இன்னொரு டூல் வாங்கியிருப்பேன். கிளிக்கைப் பார்த்தேன், அதில் மாற்றம் இல்லை. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவைக்கும் வசதியை அந்த மாதம் கூகுள் எடுத்துவிட்டது. ரேங்க் டிராக்கர்கள் அந்த வழியாகத்தான் ஒரே வீச்சில் நூறு இடத்தையும் படித்துக்கொண்டிருந்தன. அந்தக் கருவிகள் பார்த்ததும் இம்ப்ரெஷனாக எண்ணப்பட்டிருந்தது, அது நின்றதும் எண்ணிக்கை இறங்கியது என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்ன விளக்கம். மனிதர்கள் அப்படியேதான் இருந்தார்கள்.

தமிழைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கூகுள் விளம்பரத்துக்குத் தமிழ் 2018-லேயே வந்துவிட்டது. ஆனால் ஏஜென்சி எனக்கு ஒரு தமிழ்க் கீவேர்ட்கூடப் போடவில்லை, நான் வாங்கிய டூலில் தமிழ் எழுத்தில் போட்டால் அநேகமாக எல்லாமே பூஜ்யம் என்று வந்தது. நான் புது அக்கவுண்டில் "ஹோட்டல் மாவு அரைக்கும் மெஷின்", "பெரிய கிரைண்டர் விலை" என்று ஃப்ரேஸ் மேட்சில் போட்டேன். இந்தச் சொற்களை எந்த டூலும் தரவில்லை. எங்கள் அழைப்பு நோட்டில் இருந்து எடுத்தேன். போன் செய்கிறவர்கள் வாயால் சொல்வதை அப்படியே எழுதி வைக்கிற 200 பக்க நோட்டு அது. தேதி, ஊர், என்ன கேட்டார், எதைத் தேடி வந்தார், வாங்கினாரா. ஹோட்டல் மாஸ்டர்கள் பலர் டைப் செய்வதில்லை, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசித் தேடுகிறார்கள். அவர்கள் பேச்சில் டில்டிங் என்ற சொல்லே இல்லை, "கவுக்கற கிரைண்டர்" என்பார்கள். அந்தச் சொல்லில் ஒரு கிளிக் எனக்கு 7 ரூபாய்க்குக் கிடைத்தது. முன்பு ஆங்கிள் கிரைண்டர்காரர்களுக்கு 20 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தினசரி பட்ஜெட் 500 ரூபாய். கட்டணச் சந்தா எதுவும் இல்லை. அழைப்புகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன, மாதம் ஐந்தாறு மெஷின் நேரடியாகப் போகிறது. விட்ட பணத்தை எடுக்க ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் அப்பாவிடம் மறைத்த கணக்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரிப்போர்ட்ட எனக்கும் காட்டு கண்ணு" என்றார்.

திங்கட்கிழமை காலையில் பட்டறை திறந்ததும் முந்தைய வாரத்து சர்ச் டேர்ம்ஸை இருவரும் பார்க்கிறோம். அரை மணி நேரம் ஆகும். நெகட்டிவ் பட்டியலில் இப்போது 143 சொற்கள். போன வாரம் அப்பா பென்சிலால் வட்டம் போட்டது, "பொம்மை கிரைண்டர் செட்".